ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்கப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: “எங்கள் சபையில் அடுத்த மாதத்திலிருந்து ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிக்க என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எப்படித் தயாராவது? இன்னொரு சந்தேகமும் உண்டு. எல்லார் கையிலும் பைபிளோ செல்போனோ இருக்கிறது. அவரவரே வாசித்துக்கொள்ளக்கூடிய பகுதியை ஒருவர் எழுந்து நின்று சத்தமாக வாசிப்பதில் என்ன அர்த்தம்?”

இரண்டாவது சந்தேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அது தெளிந்தால்தான் முதல் கேள்விக்கான பதில் பிடிபடும்.

வெளிப்படுத்தின விசேஷம் முதல் அதிகாரம் மூன்றாம் வசனத்தைத் திறந்து பாருங்கள். “வாசிக்கிறவனும், கேட்கிறவர்களும்” என்று இருக்கும். வாசிக்கிறவன் ஒருமை, கேட்கிறவர்கள் பன்மை. மூலமான கிரேக்கத்திலும் அப்படியேதான். ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கூடி உட்கார்ந்து கேட்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் அந்தப் புத்தகமே எழுதப்பட்டது. கொலோசெயருக்கு எழுதின நிருபமும் முடிவில், இதை உங்களிடத்தில் வாசித்தபின் லவோதிக்கேயா சபையிலும் வாசிக்கச் செய்யுங்கள் என்று சொல்கிறது. ஏறக்குறைய கி.பி. 155-இல் ரோமாபுரியில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஜஸ்டின், ஞாயிறன்று எல்லாரும் ஓரிடத்தில் கூடும்போது அப்போஸ்தலரின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கிறவரை வாசிக்கப்படும், பிறகுதான் தலைவர் எழுந்து பேசுவார் என்று வர்ணிக்கிறார். கவனியுங்கள், வாசிப்புக்கு “நேரம் இருக்கிறவரை”. இன்று பிரசங்கத்துக்கு அப்படிக் கொடுத்துவிட்டு வாசிப்பை இரண்டு நிமிடத்தில் முடிக்கிறோம்.

நம் பக்கத்துக் கதையும் அதுவே. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சேறி முடிந்தது. ஆனால் அச்சுப் புத்தகம் வந்த உடனே ஒவ்வொரு வீட்டிலும் வாசிக்கத் தெரிந்த ஆள் வந்துவிடவில்லை. பல தலைமுறைகள் வேதத்தைக் காதால்தான் கற்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகே திருப்பலி தாய்மொழிக்கு வந்தது. அதற்குமுன் பூசை லத்தீனில் நடந்தது.

ரோமர் 10:17 எல்லாருக்கும் மனப்பாடம்: “விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்.” இங்கே கேள்வி என்றால் வினா அல்ல, காதால் கேட்பது. திருக்குறளின் 42-ஆம் அதிகாரத்துக்குக் “கேள்வி” என்று பெயர் இருக்கிறதே, அந்தக் கேள்வி. கல்லாவிட்டாலும் கேட்கவாவது செய் என்று வள்ளுவர் சொல்லும் அதே பொருள். இன்றைய இளைஞர் ஒருவர் இந்த வசனத்தைக் கேட்டால், சந்தேகம் கேட்டால் விசுவாசம் வரும் என்று நினைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருக்கிறது.

இன்றும் உங்கள் சபையில் காதை மட்டும் நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. கண்புரை அறுவை முடிந்து இன்னும் கண்ணாடி வராத பெரியவர், எழுத்துக்கூட்டப் பழகும் பிள்ளை, மடியில் கைக்குழந்தையோடு இரண்டு கையும் நிறைந்த தாய், முதல்முறையாக வந்து எந்தப் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பக்கம் புரட்டுகிறவர். பைபிள் வைத்திருப்பவர்களிலும் பாதிப் பேர் பகுதியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் நான்காம் வசனத்தில் இருப்பீர்கள். ஆகையால் நீங்கள் கையில் புத்தகமே இல்லாத ஆளுக்காக வாசிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாமே அதிலிருந்து வருபவை.

இனி தயாரிப்பு. பகுதி என்ன என்பதைச் செவ்வாய், புதனுக்குள் கேட்டு வாங்கிவிடுங்கள். சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி இருக்காதீர்கள். குறிப்பைக் கவனமாகப் பாருங்கள். “யோவான்” என்றால் சுவிசேஷம், “1 யோவான்” என்றால் நிருபம். இந்த இடறலில் விழாத சபை இல்லை. பிலிப்பியர் என்று போட்டிருக்கப் பிலேமோனைத் திறப்பதும் உண்டு. ஒபதியா, பிலேமோன், 2 யோவான், 3 யோவான், யூதா ஆகிய ஐந்துக்கும் ஒரே அதிகாரம்தான். “யூதா 3” என்றால் மூன்றாம் வசனம் என்று பொருள். மூன்றாம் அதிகாரத்தைத் தேடி யாரும் கலங்க வேண்டாம்.

முதல் நாள் பகுதிக்கு முன்னால் பத்து வசனமும் பின்னால் ஐந்து வசனமும் சேர்த்து மனதுக்குள் வாசியுங்கள். யார் பேசுகிறார், யாரிடம், எங்கே என்பது அங்கேதான் இருக்கும். அதிகாரப் பிரிவு வேதத்தோடு பிறந்தது அல்ல. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் போட்டது. வசன எண் இன்னும் பிந்தியது. பாரிசைச் சேர்ந்த அச்சகர் ராபர்ட் எத்தியேன் 1551-இல் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டார். ஆகவே எண் வருகிற இடத்திலெல்லாம் மூச்சை நிறுத்த எந்த அவசியமும் இல்லை. ஏசாயா 53 என்று நாம் சொல்லும் பாடுபடும் தாசனின் பாட்டு உண்மையில் 52-ஆம் அதிகாரம் 13-ஆம் வசனத்தில் ஆரம்பிக்கிறது. 53:1-இலிருந்து வாசித்தால் “அவர்” யார் என்று சொல்லாமலே ஆரம்பித்தது போல் இருக்கும்.

இரண்டாம் நாள் பென்சிலை எடுங்கள். சின்ன நிறுத்தத்துக்கு ஒரு சாய்கோடு, மூச்சு வாங்கும் இடத்துக்கு இரண்டு. நிறுத்தாமல் இழுத்துக்கொண்டு போக வேண்டிய இடத்தில் அடியில் ஒரு வளைகோடு. ரோமர் 1:1 நல்ல பயிற்சி: “இயேசுகிறிஸ்துவின் ஊழியக்காரனும், அப்போஸ்தலனாகும்படி அழைக்கப்பட்டவனும்…” என்று போய்க் கடைசியில்தான் “பவுல்” என்ற பெயர் வரும். தமிழில் பெயர் கடைசியில் நிற்பதால் அதுவரை குரல் இறங்கக் கூடாது. நடுவில் இறக்கினால் மூன்று பேரைப் பற்றிச் சொல்வது போலக் கேட்கும்.

வெள்ளிக்கிழமை எழுந்து நின்று சத்தமாக வாசியுங்கள். உட்கார்ந்து வாசிப்பதும் நின்று வாசிப்பதும் மூச்சுக்கு ஒன்றல்ல. கடிகாரத்தையும் பாருங்கள். ஏசாயா 53-இன் பன்னிரண்டு வசனங்களை இரண்டு நிமிடத்துக்குள் முடித்துவிட்டால் ஓடுகிறீர்கள் என்று அர்த்தம். இரண்டரையிலிருந்து மூன்று நிமிடம் ஆக வேண்டும். சனிக்கிழமை வீட்டில் ஒருவரை எதிரே உட்கார வைத்து, அவர் கையில் புத்தகம் இல்லாமல், வாசித்துக் காட்டுங்கள். முடித்ததும் மூன்றே கேள்வி: யார் பேசினார், யாரிடம், கடைசியில் என்ன ஆயிற்று? பதில் வராவிட்டால் குற்றம் கேட்டவர் மேல் இல்லை.

இப்போது தமிழுக்கே உரிய ஒரு சங்கதி. பெரும்பாலான பிராட்டஸ்டன்ட் சபைகளில் இருப்பது மிஷனரி ஹென்றி பவர் தலைமையில் திருத்தி 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பு. அதில் மேற்கோள் குறியே கிடையாது. பேச்சு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு முக்காற்புள்ளி இருக்கும். முடிகிற இடத்தில் “என்றார்”, “என்றான்”, “என்றாள்” இருக்கும். கண்ணுக்கு அது போதும். காதுக்கு முக்காற்புள்ளி தெரியாது, நீங்கள்தான் அதைக் கேட்கச் செய்ய வேண்டும்.

யோவான் நான்காம் அதிகாரத்தில் கிணற்றடியில் இயேசுவுக்கும் சமாரியப் பெண்ணுக்கும் நடக்கும் பேச்சைப் பாருங்கள். 17-ஆம் வசனம்: “அதற்கு அந்த ஸ்திரீ: எனக்குப் புருஷன் இல்லை என்றாள். இயேசு அவளை நோக்கி: எனக்குப் புருஷன் இல்லையென்று நீ சொன்னது சரிதான்.” வசனம் இங்கே முடிகிறது, முற்றுப்புள்ளியும் இருக்கிறது. ஆனால் “என்றார்” இன்னும் வரவில்லை. இயேசு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார். “எப்படியெனில், ஐந்து புருஷர் உனக்கிருந்தார்கள்…” என்று 18-ஆம் வசனத்துக்குள் போய் “இதை உள்ளபடி சொன்னாய் என்றார்” என்பதில்தான் பேச்சு முடிகிறது. 17-இல் முழுதாக நிறுத்தி, மூச்சு வாங்கி, புதிய குரலில் 18-ஐ ஆரம்பிக்கிறவர்கள் அநேகர். அப்படி வாசித்தால் “ஐந்து புருஷர்” விஷயத்தைச் சுவிசேஷம் எழுதியவர் நம்மிடம் சொல்வதுபோல ஆகிவிடும். அந்த வசனத்திலேயே இன்னொரு கண்ணி: “எனக்குப் புருஷன் இல்லையென்று” என்பது அவள் சொன்னதை இயேசு திருப்பிச் சொல்வது. அதற்கும் “நீ சொன்னது சரிதான்” என்பதற்கும் இடையே அரை நொடி விட்டால் தெளிவாகும்; விடாவிட்டால் கேட்பவர் குழம்புவார்.

இன்னும் ஒன்று, தொனி. “சரிதான்” என்ற சொல்லை நக்கலாக இழுத்தால் அந்தப் பெண்ணைக் குத்திக்காட்டுகிற இயேசு வருவார். நேராகச் சொன்னால் அவள் உண்மை சொன்னதை ஒப்புக்கொள்கிற இயேசு வருவார். வசனம் “உள்ளபடி சொன்னாய்” என்று முடிவதால் இரண்டாவதே சரி என்பது என் எண்ணம். எப்படியானாலும் ஒரு சொல்லின் தொனியிலேயே ஒரு பிரசங்கம் நடந்துவிடுகிறது. அதனால் நாடகப் பாணியில் குரல் மாற்றி வாசிக்க வேண்டாம். சுருதி சற்று ஏறி இறங்கட்டும், அது போதும்.

“என்றார், என்றான், என்றாள்” என்ற முடிவுகளுக்கு வருவோம். பழைய மொழிபெயர்ப்பில் தேவனுக்கும் இயேசுவுக்கும் “என்றார்”, பேதுருவுக்கும் பிலாத்துவுக்கும் “என்றான்”, சமாரியப் பெண்ணுக்கு “என்றாள்”. இந்த மரியாதை வேறுபாடு இன்று சிலருக்கு உறுத்தும், நியாயம்தான். ஆனால் காதால் கேட்கிறவருக்கு அது பெரிய கைகாட்டி. யோவான் 21-இல் கரையோரத்தில் பேதுருவும் இயேசுவும் மூன்று முறை மாறி மாறிப் பேசுகிறார்கள். யார் வாய் எது என்பதைச் சொல்வது கடைசி ‘ன்’, ‘ர்’ என்ற ஒற்றை மெய்யெழுத்து. பேச்சுத் தமிழில் நமக்குக் கடைசி மெய்யை விழுங்கும் பழக்கம் உண்டு. “என்றா…” என்று மைக்கில் தேய்ந்து போனால் உரையாடல் முழுவதும் மங்கிவிடும். வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு மூச்சு மிச்சம் வைத்திருங்கள். திருத்த வேண்டியது ஒன்றே ஒன்று என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கத்தோலிக்க ஆலயங்களில் வாசிக்கும் திருவிவிலியம், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, மேற்கோள் குறி போட்டிருக்கிறது. சமாரியப் பெண்ணுக்கும் “கேட்டார்” என்றே மரியாதை கொடுக்கிறது. நல்லது. ஆனால் அங்கே முடிவெழுத்தை வைத்து ஆளை அடையாளம் காண முடியாது. ஆகவே ஆள் மாறும் இடத்தில் நிறுத்தம் இன்னும் தெளிவாக வேண்டும்.

அடுத்தது ல, ள, ழ. “நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்” என்பதில் வழி “வலி”யாகிவிட்டால் இயேசு என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ரோமர் 12 இன்னும் கண்டிப்பான தேர்வு. முதல் வசனத்தில் “ஜீவபலி”, 19-ஆம் வசனத்தில் “பழிவாங்குதல் எனக்குரியது”. ஒரே அதிகாரத்தில் பலியும் பழியும். அதிகாரத்தின் ஓட்டமே உன்னைப் பலியாகக் கொடு, பழியைக் கடவுளிடம் விட்டுவிடு என்பதுதான். இரண்டையும் ஒரே ஒலியாக உச்சரித்தால் அந்த ஓட்டம் காதில் விழாது. மத்தேயு 13-இல் கோதுமைக்குள் விதைக்கப்பட்டவை “களைகள்”. “கலைகள்” ஆக்கிவிட்டால் ஓவியமும் நாட்டியமும் தீக்கிரையாகும். வட்டாரப் பேச்சு வழக்கு வெட்கப்பட வேண்டிய விஷயம் அல்ல. நெல்லைத் தமிழிலோ யாழ்ப்பாணத் தமிழிலோ வாசிப்பது அழகுதான். பொருள் மாறும் எழுத்துகளில் மட்டும் நாக்கை ஒழுங்காக மடியுங்கள்.

பழைய நடையில் சொற்கள் ஒட்டிக்கொண்டு வரும். பெந்தெகொஸ்தே ஞாயிறன்று அப்போஸ்தலர் 2 வாசிக்கிறவர் “யூதமார்க்கத்தமைந்தவர்களும்” என்ற சொல்லில் மாட்டுவார். யூத மார்க்கத்து / அமைந்தவர்களும் என்று பென்சிலால் பிரித்து வைத்துக்கொண்டால் ஒன்றுமில்லை. அதே இடத்தில் பார்த்தர், மேதர், ஏலாமீத்தர், மெசொப்பொத்தாமியா, கப்பத்தோக்கியா, பொந்து, பிரிகியா, பம்பிலியா என்று ஊர்ப் பட்டியல் வரும். பெயர்களுக்கு ஒரே விதி: தயங்காதீர்கள். அசை பிரித்துப் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நேபு-காத்-நேச்சார். சரியான எபிரெய உச்சரிப்பு எது என்று சபையில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. புத்தகத்தில் தமிழில் அச்சிட்டிருப்பதை அப்படியே, எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொன்னால் போதும். தடுமாறி நின்று, சிரித்து, திருப்பிச் சொன்னால்தான் எல்லாரும் பெயரையே நினைத்துக்கொண்டு கதையை விட்டுவிடுவார்கள்.

பட்டியல் எல்லாம் தொல்லை என்று நினைக்க வேண்டாம். தானியேல் மூன்றாம் அதிகாரத்தில் “எக்காளம், நாகசுரம், கின்னரம், வீணை, சுரமண்டலம், தம்புரு” என்ற வாத்திய வரிசை வருகிறது. பாபிலோன் அரண்மனையில் நாகசுரமும் தம்புருவும்! மொழிபெயர்த்தவர்கள் நம் கச்சேரியையே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள். 5, 7, 10, 15 ஆகிய நான்கு வசனங்களிலும் ஏறக்குறைய அதே சொற்கள் திரும்ப வரும். அலுத்துப்போய் மூன்றாம் முறை வேகமாகத் தாண்டுவார்கள் பலர். அதுதான் தவறு. ராஜா, சிலை, வாத்தியம், எல்லாரும் பொத்தென்று விழுவது என்று அந்த ஆர்ப்பாட்டத்தைக் கேலி செய்யவே அந்தத் திருப்பிச் சொல்லல். நான்கு முறையும் அதே தாளத்தில், அதே கம்பீரத்தில் வாசியுங்கள். அப்போதுதான், சிலையை வணங்க மறுக்கும் மூன்று பேர் “விடுவிக்காமற்போனாலும்” என்று சொல்லும் பதிலின் எளிமை சபைக்கு உறைக்கும்.

பொருள் மாறிப்போன சொற்கள் தனிக் கவனம் கேட்பவை. பத்துக் கட்டளைகளில், யாத்திராகமம் 20:5-இல் “நான் எரிச்சலுள்ள தேவனாயிருந்து” என்று வரும். இன்று எரிச்சல் என்றால் டிராபிக்கில் வருவது. அங்கே அது வைராக்கியம்; தன்னுடையதை விட்டுக்கொடுக்காத அன்பின் சூடு. 23-ஆம் சங்கீதத்தில் “நான் தாழ்ச்சியடையேன்” என்பதைத் தாழ்ந்து போகமாட்டேன் என்று எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு ஒன்றும் குறைவுபடாது என்பதே பொருள். திருவிவிலியத்தில் “எனக்கேதும் குறையில்லை” என்று நேராகவே இருக்கிறது. “ஆயக்காரன்” என்றால் வரி வசூலிக்கிறவன். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்ட வேலையாட்கள் “பதினோராம் மணி வேளை”யில் வருகிறார்கள். அது காலை பதினொன்று அல்ல, மாலை ஐந்து. சூரிய உதயத்திலிருந்து எண்ணும் கணக்கு. மூன்றாம் மணி ஒன்பது, ஆறாம் மணி நடுப்பகல். காலை பதினொன்று என்று நினைத்துக் கேட்பவருக்கு, வெயிலில் நாளெல்லாம் உழைத்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கூலி என்றதும் ஏன் முறுமுறுத்தார்கள் என்பதே புரியாது.

இதற்கெல்லாம் விளக்கம் சொல்லலாமா? வாசிப்பின் நடுவே கூடவே கூடாது. வசனத்துக்குள் உங்கள் சொல்லைச் செருகினால் எது வேதம், எது உங்களுடையது என்று காதுக்குத் தெரியாது. ஆயர் அனுமதித்தால் ஆரம்பத்தில் ஒரே ஒரு வாக்கியம்: “இந்த உவமையில் பதினோராம் மணி என்பது மாலை ஐந்து மணி.” அவ்வளவுதான். இரண்டாவது வாக்கியம் ஆரம்பித்தால் அது குட்டிப் பிரசங்கம். குட்டிப் பிரசங்கம் செய்யும் வாசகரைச் சபை பொறுத்துக்கொள்ளும். பிரசங்கம் செய்ய வேண்டியவர் பொறுக்கமாட்டார்!

அறிவிக்கும் முறைக்கு வருவோம். “பரிசுத்த லூக்கா எழுதின சுவிசேஷம், பதினைந்தாம் அதிகாரம், பதினோராம் வசனம் தொடங்கி வாசிக்கிறேன்” என்பது போதும். சங்கீதத்துக்கு அதிகாரம் கிடையாது. “சங்கீதம் இருபத்துமூன்றாம் அதிகாரம்” என்று சொல்லாதீர்கள், “இருபத்துமூன்றாம் சங்கீதம்” என்பதே சரி. சொன்னபின் ஐந்து விநாடி காத்திருங்கள், பக்கம் புரளும் சத்தம் ஓயட்டும். நடுவே வசன எண்களைச் சொல்ல வேண்டாம். தடித்த எழுத்துத் தலைப்புகள் பதிப்பாளர் போட்டவை, அவற்றை வாசிக்க வேண்டாம். கத்தோலிக்க முறையில் “இறைவாக்கினர் எசாயா நூலிலிருந்து வாசகம்” என்று தொடங்கி, முடிவில் “ஆண்டவரின் அருள்வாக்கு” என்றதும் மக்கள் “இறைவா, உமக்கு நன்றி” என்பார்கள். கடைசி வரிக்கும் “ஆண்டவரின் அருள்வாக்கு” என்பதற்கும் இடையே இரண்டு விநாடி விடாவிட்டால் அதுவும் எசாயா சொன்னதுபோல ஒட்டிக்கொள்ளும். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சி. முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. ஆண்டு எண்ணை மூன்றால் வகுத்து மீதி வராவிட்டால் அது மூன்றாம் ஆண்டு. ஆனால் ஆண்டு திருவருகைக் காலத்தின் (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த வாரங்களின்) முதல் ஞாயிறன்றே மாறிவிடும் என்பதை மறந்து டிசம்பரில் பழைய ஆண்டின் பக்கத்தைத் திறந்து நிற்பார்கள்.

சங்கீதத்தை மாறி மாறி வாசிக்கும் சபைகளில் நடத்துபவர் செய்யும் ஒரே தவறு அவசரம். சபையின் கடைசிச் சொல் முடிவதற்குள் அடுத்த வசனத்தை எடுத்துவிடுவார். நூறு பேர் சேர்ந்து வாசிக்கும்போது பின்வரிசை முன்வரிசையைவிட ஒரு சொல் பிந்தித்தான் வரும். அது வந்து சேரட்டும். 136-ஆம் சங்கீதத்தில் “அவர் கிருபை என்றுமுள்ளது” என்பது 26 வசனத்திலும் வருகிறது. அதை வசனம் மாற்றி வாசிப்பதைவிட, முதல் பாதி உங்களுக்கு, பல்லவி சபைக்கு என்று பிரிப்பதே அந்தப் பாட்டின் அமைப்பு. அடைப்புக்குள் வரும் “சேலா” வாசிக்க வேண்டியது அல்ல, பாடகருக்கான குறிப்பு. சங்கீதங்களில் 71 இடத்தில் வருகிறது. 119-ஆம் சங்கீதத்தில் எட்டு எட்டு வசனத்துக்கு மேலே நிற்கும் ஆலெப், பேத் எல்லாம் எபிரெய எழுத்தின் பெயர்கள், அவற்றையும் விட்டுவிடலாம்.

மைக். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்தால் ‘ப’ வரும்போது பட்டாசு வெடிக்காது. தட்டிப் பார்க்காதீர்கள், ஊதாதீர்கள். உயரத்தைப் பாட்டு நடக்கும்போதே சரிசெய்துவிடுங்கள். பாடகருக்காக எக்கோ ஏற்றி வைத்திருப்பார்கள். பாடத்துக்கு அதை இறக்கச் சொல்லி மிக்ஸரில் இருக்கும் தம்பியிடம் ஆராதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். எக்கோவோடு வாசித்த வேதம் கலியாண மண்டப அறிவிப்பு போல இருக்கும். உயரமான கூரையும் கல்தரையும் உள்ள பழைய கோயில்களில் மைக் இல்லாமலே குரல் சுழலும். அங்கே சத்தத்தைக் கூட்டினால் இன்னும் குழம்பும், வேகத்தைக் குறைத்தால்தான் தெளியும்.

போனில் பார்த்து வாசிப்பது பாவமல்ல. ஆனால் திரை அணையும், அழைப்பு வரும், விரல் பட்டு இரண்டு அதிகாரம் தள்ளிப் போகும். வேறு வழியில்லை என்றால் விமானப் பயன்முறையில் போட்டு, திரை அணையாதபடி வைத்துக்கொள்ளுங்கள். பீடத்துப் பெரிய பைபிள் இருந்தால் அதிலேயே வாசியுங்கள். ஆராதனைக்கு முன்பே போய்ப் பக்கத்தைத் திறந்து நாடாவைப் போட்டுவிடுங்கள். அப்படியே அந்தப் புத்தகத்தில் எழுத்து கண்ணுக்கு எட்டுகிறதா, பக்கம் கிழிந்திருக்கிறதா என்றும் தெரிந்துவிடும். தாளில் அச்செடுத்தால் பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் எடுங்கள்.

முடித்ததும் உடனே ஓடாதீர்கள். புத்தகத்தை மெதுவாக மூடி, ஒரு மூச்சு நின்று, பிறகு இறங்குங்கள். நாசரேத்தூர் ஜெப ஆலயத்தில் இயேசு ஏசாயாவை வாசித்ததை லூக்கா நான்காம் அதிகாரம் சொல்லும்போது, புத்தகத்தைச் சுருட்டியதையும், பணிவிடைக்காரனிடம் கொடுத்ததையும், உட்கார்ந்ததையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. அதற்குப் பிறகுதான் அவர் பேச ஆரம்பித்தார்.

இந்தப் பழக்கம் கோயிலோடு நின்றுவிடாது. பாடம் வாசிப்பவர் என்று தெரிந்துவிட்டால் துக்க வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் “நீங்களே ஒரு சங்கீதம் வாசியுங்களேன்” என்பார்கள். கல்லறைத் தோட்டத்தில் காற்று பக்கத்தைப் புரட்டும்; ஒரு கிளிப் வைத்துக்கொள்ளுங்கள், யோவான் 14-இன் முதல் ஆறு வசனம் போதும், பதினைந்தாம் கொரிந்தியர் முழுவதும் வெயிலில் வேண்டாம். (பதினைந்தாம் கொரிந்தியர் என்று ஒன்று இல்லை, 1 கொரிந்தியர் 15 என்பதை எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம்.) நோயாளியிடம் நின்றுகொண்டு வாசிக்காதீர்கள், நாற்காலியை இழுத்து, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, பாதிக் குரலில். புதிய மொழிபெயர்ப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அவர் சிறுவயதில் மனப்பாடம் செய்த மொழிபெயர்ப்பிலேயே வாசியுங்கள். 23-ஆம் சங்கீதம் மூன்று வசனம்வரை கர்த்தரை “அவர்” என்று சொல்லிக்கொண்டு போகும். நான்காம் வசனத்தில், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், “தேவரீர்” என்று நேருக்கு நேர் திரும்பிவிடும். அந்த இடத்தில் சற்று நிறுத்துங்கள். பெரும்பாலும் அதற்குள் நோயாளியின் உதடு அசைய ஆரம்பித்திருக்கும். அசைந்தால் நீங்கள் வாசிப்பதை விட்டுவிட்டு அவரைச் சொல்ல விடுங்கள். எங்கேயாவது சொல் மறந்து நின்றால் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுங்கள்.